பீக் ஏன் குட்டையானது? ஸ்மூத் செய்து அளக்கும்போது வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

எக்ஸ்ஆர்டி (படிகத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ் கதிரின் வலிமையைக் கோணம் கோணமாக அளக்கும் முறை) எடுத்த கோப்பு கைக்கு வந்ததும் நாம் செய்யும் முதல் வேலை கோட்டை அழகாக்குவது. புல் முளைத்தது போல் நடுங்கிக்கொண்டிருக்கும் வரைபடம், ஸ்மூத் கொடுத்ததும் வழவழப்பாகிவிடுகிறது. பிறகு அந்த வழவழப்பான கோட்டிலேயே பீக்கின் (வரைபடத்தில் எழும் முகட்டின்) உயரம், அகலம், பரப்பு எல்லாவற்றையும் அளந்து ஆய்வேட்டில் எழுதிவிடுகிறோம். நானும் அப்படித்தான் எழுதினேன். என் முதல் துத்தநாக ஆக்சைடு மாதிரியின் படிக அளவு 22 நானோமீட்டர் என்று ஒரு கருத்தரங்கில் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு மூலத் தரவிலேயே அளந்து பார்த்தபோது 28 வந்தது. மாதிரியும் அதேதான், கருவியும் அதேதான். இடையில் நான் செய்த ஸ்மூத்திங் 6 நானோமீட்டரைத் தின்றிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஸ்மூத் செய்த கோடு கண்ணுக்கு, மூலத் தரவு அளவுக்கு. ஒர்க்ஷீட்டில் மூல நெடுவரிசையைத் தொடாதீர்கள். ஸ்மூத் செய்ததை எப்போதும் புதிய நெடுவரிசையில் போடுங்கள். கீழே சொல்லும் கோளாறுகளில் பாதி, மூல நெடுவரிசையை மேலெழுதிவிட்டதால் திரும்பிப் போக வழியில்லாமல் நின்றவர்களுடையவை.

உதாரணங்களுக்கு ஆரிஜின் மென்பொருளையே அதிகம் எடுத்துக்கொள்கிறேன், நம் பக்கம் பலர் பயன்படுத்துவது அதைத்தான். இகோர் புரோ, பைத்தானின் சைபை, இலவசமாகக் கிடைக்கும் லேப்பிளாட், ஃபிட்டிக் எதுவானாலும் கோளாறின் வேர் ஒன்றுதான். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

“ஸ்மூத் செய்ததும் பீக் குட்டையாகி, அகலமாகிவிட்டது”

இதுதான் மிகப் பரவலான கோளாறு. முதலில் நீங்கள் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பாருங்கள். ஆரிஜினில் ‘அனாலிசிஸ்’ மெனு, ‘சிக்னல் பிராசசிங்’, ‘ஸ்மூத்’ என்று போனால் ‘மெத்தட்’ என்ற இடத்தில் பல பெயர்கள் இருக்கும். அதில் ‘அட்ஜசன்ட் ஆவரேஜிங்’ இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி எடுக்கும் முறை அது. பீக்கின் உச்சியில் நிற்கும் புள்ளிக்கு அண்டை வீட்டார் எல்லோரும் அதைவிடக் குட்டை. சராசரி எடுத்தால் உச்சி இறங்கத்தான் செய்யும்.

எவ்வளவு இறங்கும் என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். 0.02 டிகிரி இடைவெளியில் எடுத்த எக்ஸ்ஆர்டி தரவு. பீக்கின் அரை உயர அகலம் (பாதி உயரத்தில் உள்ள அகலம்) 0.30 டிகிரி, அதாவது 15 புள்ளிகள். வடிவம் காஸியன் (மணி வடிவம்) என்று வைத்துக்கொள்வோம். 15 புள்ளி சராசரி போட்டால் உயரம் 19 சதவீதம் குறைகிறது, அகலம் 0.30-இலிருந்து ஏறத்தாழ 0.375 டிகிரியாகிறது. இதை, பீக்கின் அகலத்திலிருந்து படிக அளவைச் சொல்லும் ஷெரர் சமன்பாட்டில் போடுங்கள். தாமிரக் கதிர் அலைநீளம் 0.15406 நானோமீட்டர், மாறிலி 0.9, துத்தநாக ஆக்சைடின் 101 என்ற படிகத் தளத்தின் பீக் 36.25 டிகிரியில். அகலம் 0.30 என்றால் 28 நானோமீட்டர், 0.375 என்றால் 22. என் கருத்தரங்கு எண் பிறந்த கதை இதுதான். (கருவியே சேர்க்கும் அகலத்தை இந்தக் கணக்கில் கழிக்கவில்லை. லாந்தனம் ஹெக்ஸாபோரைடு போன்ற தரமாதிரியை அதே அமைப்பில் ஓட்டி அதையும் கழிக்க வேண்டும். அதற்கும் ஸ்மூத் செய்யாத தரவுதான் வேண்டும்.)

பரப்பு மட்டும் மாறாது. சராசரி முறை பீக்கைப் பரப்பி வைக்கிறதே தவிர எதையும் தூக்கி எறிவதில்லை. அதனால் உங்களுக்குப் பரப்பு மட்டும் போதுமென்றால் பெரிய சேதம் இல்லை. உயரமோ அகலமோ வேண்டுமென்றால் இந்த முறை ஆகாது.

மாற்று, சாவிட்ஸ்கி-கோலே. 1964-இல் ஆபிரகாம் சாவிட்ஸ்கியும் மார்செல் கோலேயும் ‘அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரி’ இதழில் வெளியிட்ட முறை. இருவரும் நிறமாலைக் கருவிகள் செய்யும் பெர்க்கின்-எல்மர் நிறுவனத்தில் இருந்தவர்கள். பீக் குட்டையாகும் இதே தலைவலி அவர்களுக்கும் இருந்திருக்கும் என்பதில் வியப்பில்லை. அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்கு வெறும் சராசரி எடுக்காமல், அவற்றின் வழியே ஒரு சிறு வளைவைப் பொருத்தி, அந்த வளைவின் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்வதுதான் சூட்சுமம். பீக்கின் உச்சி ஏற்கெனவே வளைவாக இருப்பதால் அதற்கு அதிக அடி விழுவதில்லை. அந்தக் கட்டுரையின் எண் அட்டவணைகளில் பிழைகள் இருந்தன. 1972-இல் ஸ்டெய்னியர், டெர்மோனியா, டெல்டூர் மூவரும் அவற்றைத் திருத்தினார்கள். பழைய அட்டவணையைப் பார்த்துக் கையால் நிரல் எழுதியிருந்தால் இதையும் கவனியுங்கள்.

அதே பீக், அதே 15 புள்ளி, இரண்டாம் படி வளைவு: உயர இழப்பு 1.5 சதவீதம்தான். 19 எங்கே, 1.5 எங்கே! ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது. 15 புள்ளி சராசரி, இரைச்சலை (கோட்டின் தற்செயல் நடுக்கத்தை) 26 சதவீதமாகக் குறைக்கும். சாவிட்ஸ்கி-கோலே 39 சதவீதத்தில் நின்றுவிடும். கோடு அதே அளவு வழவழப்பாகத் தெரியாததால், “இது சரியாக வேலை செய்யவில்லை” என்று நினைத்துப் பலர் ஜன்னலை (ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையை) 31, 51 என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அங்கேதான் இந்த நல்ல முறையும் கெடுகிறது. ஜன்னல் அகலம் பீக்கின் அரை உயர அகலத்தைப் போல் இரண்டு மடங்கானால் உயர இழப்பு 14 சதவீதத்துக்குப் போய்விடும்.

ஆகவே ஜன்னலைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். வரைபடத்திலேயே மிகக் குறுகிய பீக்கை எடுத்து, அதன் பாதி உயரத்துக்கு மேலே எத்தனை புள்ளிகள் நிற்கின்றன என்று எண்ணுங்கள். ஜன்னல் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி மாதிரியில் பட்டு நிறம் மாறிச் சிதறுவதை அளப்பது) இது இன்னும் முக்கியம். சிலிக்கானின் 520 அலை எண் பீக்கில் அந்தக் கணக்கு மூன்று நான்கு புள்ளிகளோடு முடிந்துவிடும் கருவிகள் உண்டு. அங்கே 15 புள்ளி ஜன்னல் போடுவது பீக்கை அழிப்பதற்குச் சமம். புள்ளிகளே அவ்வளவு குறைவென்றால் ஸ்மூத் செய்யாதீர்கள். கருவியில் நேரத்தைக் கூட்டி மறுபடி எடுங்கள். இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். கசப்பான கணக்குதான், ஆனாலும் நேர்மையான வழி அது.

“பீக்கின் இரு பக்கமும் பள்ளம் விழுகிறது, மூலத்தில் இல்லாத அலைகள் வருகின்றன”

இரண்டு காரணங்கள். ஒன்று, இப்போது சொன்ன சாவிட்ஸ்கி-கோலே ஜன்னல் மிகப் பெரிதாக இருப்பது. அதன் எடைகளில் ஓரத்தில் இருப்பவை எதிர்மறை எண்கள். ஜன்னலின் ஓரம் பீக்கைத் தொடும்போது பேஸ்லைன் (பீக் இல்லாத இடத்தின் அடிக்கோடு) கீழே அழுந்தும். இன்னொன்று, எஃப்எஃப்டி ஃபில்டர், அதாவது கோட்டை அதிர்வெண்களாகப் பிரித்து வேகமாக ஆடுவதை நீக்கும் வடிகட்டி. அதிர்வெண்ணைக் கத்தி வைத்து வெட்டினாற்போல் வெட்டினால் கூர்மையான பீக்கைச் சுற்றிக் குளத்தில் கல் எறிந்தது போல் அலைகள் பரவும். அந்த அலைகளை ‘சிறு பீக்குகள்’ என்று பெயரிட்டு வகைப்படுத்திய வரைபடத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் மூலக் கோட்டை மெல்லிய சாம்பல் நிறத்தில் பின்னால் வரையுங்கள். மூலத்தில் இல்லாத மேடு, மாதிரியிலும் இல்லை.

“பீக் ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டது”

சமச்சீரான ஸ்மூத்திங் தனித்து நிற்கும் சமச்சீரான பீக்கை நகர்த்தாது. நகர்ந்திருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். பைத்தானில் எழுதியவர்கள் ‘எல்ஃபில்டர்’ பயன்படுத்தியிருந்தால் அது கடந்த புள்ளிகளை மட்டும் பார்த்து வடிகட்டும், அதனால் பின்தங்கும். ‘ஃபில்ட்ஃபில்ட்’ முன்னும் பின்னும் ஓடி அந்தத் தாமதத்தை நீக்கிவிடும். இரண்டாவது, கருவியே ஸ்கேன் ஓடும்போது வடிகட்டியிருக்கலாம். வேகமாக ஸ்கேன் செய்து, கருவியின் மறுமொழி நேரத்தை அதிகமாக வைத்திருந்தால் பீக் ஸ்கேன் போகும் திசையில் தள்ளிப் போகும். அதை எந்த மென்பொருளும் பின்னால் சரிசெய்யாது. மெதுவாக மறுபடி எடுக்க வேண்டும். மூன்றாவது, பீக்கே சமச்சீர் இல்லை.

மூன்றாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எக்ஸ்ஆர்டியில் இது ஒவ்வொரு பீக்கிலும் இருக்கிறது. தாமிரக் குழாயிலிருந்து வருவது ஒரே அலைநீளம் இல்லை. கே-ஆல்ஃபா-1, கே-ஆல்ஃபா-2 என்று இரண்டு, 2-க்கு 1 என்ற வலிமையில். 36.25 டிகிரியில் அவற்றின் பீக்குகளுக்கு இடையே 0.09 டிகிரி. 68 டிகிரிக்குப் போனால் 0.19. அகலமான பீக்கில் இரண்டும் கலந்து, வலப்பக்கம் சற்றுச் சரிந்த ஒரே பீக்காகத் தெரியும். அதற்கு ஒற்றைக் காஸியன் பொருத்தினால் மையம் வலப்பக்கம் இழுபடும், அகலமும் கூடும். ஸ்மூத் செய்தால் இரண்டும் பிரிந்திருந்த தடயமே காணாமல் போகும். கருவியோடு வரும் மென்பொருளில் கே-ஆல்ஃபா-2 நீக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் இடைவெளியையும் 2-க்கு 1 விகிதத்தையும் நிலையாகக் கட்டிவைத்து இரண்டு பீக்குகளாகப் பொருத்துங்கள்.

“கோட்டின் இரு முனைகளும் வளைந்து தொங்குகின்றன”

முனையில் ஒரு பக்கம் அண்டைப் புள்ளிகள் இல்லை. மென்பொருள் அந்த இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பினால் கோடு கீழே விழும். எல்லை நிபந்தனையை மாற்றிப் பாருங்கள். ஆனால் எந்த நிபந்தனையானாலும் முனையில் அரை ஜன்னல் அளவுக்கு நம்ப வேண்டாம். உங்களுக்கு வேண்டிய பீக் முனையில்தான் இருக்கிறதென்றால் ஸ்கேன் வரம்பை இரண்டு டிகிரி முன்னாலேயே தொடங்கி எடுங்கள்.

“ஒற்றைப் புள்ளி ஊசி போல் நிற்கிறது; ஸ்மூத் செய்தால் அது குட்டிப் பீக்காக மாறுகிறது”

ராமனில் காஸ்மிக் கதிர் கருவியின் சிசிடி உணரியில் விழுந்தால் இப்படி வரும். ஊசியை முதலில் எடுத்துவிட்டுப் பிறகுதான் மற்றதெல்லாம். ஸ்மூத் முதலில் செய்தால் ஊசி அகன்று, உண்மையான பீக்கின் தோற்றத்தைப் பெற்றுவிடும். பிறகு அதை யாராலும் அடையாளம் காண முடியாது. ஒரே இடத்தை இரண்டு முறை ஸ்கேன் செய்து ஒப்பிட்டால் ஊசி ஒன்றில் மட்டும் இருக்கும். ஒரே ஸ்கேன்தான் கையில் இருக்கிறதென்றால் ஆரிஜினில் ‘பர்சன்டைல் ஃபில்டர்’ 50 சதவீதத்தில் வைத்தால் அது மீடியன். ஊசி இருக்கும் இடத்தில் மட்டும் அந்த மதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், முழுக் கோட்டுக்கும் வேண்டாம்.

“மென்பொருள் ஒரு பீக்கையும் கண்டுபிடிக்கவில்லை” அல்லது “எண்ணூறு பீக் காட்டுகிறது”

ஒன்றும் காட்டவில்லையென்றால் திசையைப் பாருங்கள். எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) டிரான்ஸ்மிட்டன்ஸில், அதாவது மாதிரியைக் கடந்து வரும் ஒளியின் அளவில், பீக்குகள் கீழ்நோக்கி இருக்கும். ‘பீக் அனலைசரில்’ திசையை ‘நெகட்டிவ்’ ஆக்க வேண்டும், அல்லது அப்சார்பன்ஸாக (உறிஞ்சும் அளவாக) மாற்றிக்கொள்ள வேண்டும். பரப்பு அளக்கப்போகிறீர்கள் என்றால் அப்சார்பன்ஸுக்கு மாற்றியே ஆக வேண்டும், செறிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பது அதுதான். சில பீக்குகள் மட்டும் விடுபட்டால் உயர வடிகட்டியின் சதவீதத்தைக் குறையுங்கள். மிகப் பெரிய பீக்கை வைத்துக் கணக்கிடுவதால் ஒரே ஒரு பூதாகரமான பீக் இருந்தாலே சின்னவை எல்லாம் வெளியே தள்ளப்படும்.

எண்ணூறு காட்டினால் அது இரைச்சலின் ஒவ்வொரு நுனியையும் எண்ணுகிறது. சைபையின் ‘ஃபைண்ட்_பீக்ஸ்’ எந்த நிபந்தனையும் கொடுக்காவிட்டால் அப்படித்தான் செய்யும். உயரத்தை நிபந்தனையாகக் கொடுக்காதீர்கள், பேஸ்லைன் சாய்ந்திருந்தால் அது ஏமாற்றும். ‘பிராமினன்ஸ்’ கொடுங்கள். அதாவது, பக்கத்துப் பள்ளத்திலிருந்து எவ்வளவு எழும்பி நிற்கிறது என்ற அளவு. என்ன எண் கொடுப்பது? எக்ஸ்ஆர்டியில் கருவி எண்ணும் கதிர்த்துகள்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலமே இரைச்சல். பின்னணி 400 என்றால் இரைச்சல் 20. சில ஆயிரம் புள்ளிகள் உள்ள கோட்டில் வெறும் இரைச்சலே மேலே 3.5 மடங்கும் கீழே 3.5 மடங்கும் போய்வரும். ஆகவே பள்ளத்திலிருந்து உச்சிக்கு 7 மடங்குவரை அதுவே எழும்பலாம். 8 மடங்கு, அதாவது 160 என்று தொடங்குங்கள்.

இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஸ்மூத் செய்த பிரதியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பீக் எங்கே இருக்கிறது என்பதை வழவழப்பான கோட்டில் கண்டுபிடித்து, எவ்வளவு என்பதை மூலத்தில் அளப்பது நல்ல வழக்கம்.

“பரப்பு ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது”

ஒரு மாணவி இரவு பத்து மணிக்குப் போன் செய்து, “அண்ணா, காலையில 919 வந்துச்சு, இப்ப 1119 வருது, ஃபைல் அதேதான்” என்றாள். குரலில் அழுகை இருந்தது, மறுநாள் வழிகாட்டியிடம் காட்ட வேண்டிய அட்டவணை. நான் கேட்டது ஒன்றே ஒன்று: வரம்பை மாற்றினாயா? மாற்றியிருந்தாள். காலையில் 1.5 டிகிரி, இரவில் 2 டிகிரி.

கணக்கைப் பாருங்கள். பின்னணி 400, அதற்கு மேல் பீக் உயரம் 1000, அரை உயர அகலம் 0.30. காஸியன் பரப்பு, உயரம் பெருக்கல் அகலம் பெருக்கல் 1.0645, அதாவது 319. பேஸ்லைனைக் கழிக்காமல் பூஜ்யத்திலிருந்து தொகையீடு செய்தால் 1.5 டிகிரிக்குப் பின்னணியே 600 சேர்த்துவிடும். 2 டிகிரிக்கு 800. அவளுடைய இரண்டு எண்களும் அப்படியே வந்துவிட்டன. அவள் அளந்ததில் பெரும்பங்கு பின்னணி, மாதிரி அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வரம்பைச் சற்று அகட்டும்போது பரப்பு கூடிக்கொண்டே போனால் பேஸ்லைன் கழியவில்லை என்று அர்த்தம். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

பேஸ்லைன் போடும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. பீக்கின் இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளியைச் சொடுக்கி நேர்கோடு இழுக்கிறோம். அந்தப் புள்ளிகள் இரண்டும் இரைச்சலால் 20 கூடுதலாக நின்றிருந்தால் 1.5 டிகிரிக்கு 30 போய்விடும், 319-இல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு பக்கமும் 20 புள்ளிகளின் சராசரியை நங்கூரமாக எடுத்தால் அந்தப் பிழை நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்.

பரப்பு எதிர்மறையாக வருகிறதா? எஃப்டிஐஆர் தரவு பெரும்பாலும் 4000-இலிருந்து 400-க்கு இறங்குவரிசையில் இருக்கும். அலை எண் குறைந்துகொண்டே போனால் தொகையீட்டில் ஒவ்வொரு அடியும் எதிர்மறை. ஒர்க்ஷீட்டை ஏறுவரிசையில் அடுக்குங்கள், நெடுவரிசையை மட்டும் அடுக்கிவிட்டால் தரவே குலைந்துவிடும்.

லொரென்சியன் பீக்குக்கு இன்னொரு எச்சரிக்கை. அதுவும் மணி வடிவம்தான், ஆனால் அதன் வால் மிக நீளம். மையத்திலிருந்து இருபுறமும் ஓர் அரை உயர அகலம் தள்ளி நிறுத்தினால் பரப்பில் 70 சதவீதம்தான் உள்ளே வரும். ஐந்து அகலம் தள்ளிப் போனாலும் 94. ராமன் பீக்குகளைத் தொகையிட்டு ஒப்பிடுபவர்கள் எல்லாப் பீக்குக்கும் அகலத்தின் ஒரே மடங்கை வரம்பாக வைக்க வேண்டும், அல்லது பொருத்திப் பரப்பை எடுக்க வேண்டும்.

“அகலம் நண்பன் சொன்ன எண்ணோடு ஒத்துப்போகவில்லை”

இருவரும் சரியாகவே அளந்திருக்கலாம். காஸியனின் ‘அகலம்’ என்று ஒவ்வொரு மென்பொருளும் சொல்வது வெவ்வேறு அளவு. ஆரிஜினின் ‘காஸ்’ சார்பில் வரும் டபிள்யூ என்பது சிக்மாவைப் (திட்ட விலக்கத்தைப்) போல் இரு மடங்கு. அரை உயர அகலம் வேண்டுமென்றால் அதை 1.177-ஆல் பெருக்க வேண்டும். இகோர் புரோவின் காஸியனில் ‘விட்த்’ என்பது சிக்மா பெருக்கல் 2-இன் வர்க்கமூலம், அதை 1.665-ஆல் பெருக்க வேண்டும். சிக்மாவையே நேராகத் தருபவற்றில் 2.355. ஆரிஜினிலேயே லொரென்சியனுக்குப் போனால் அதே டபிள்யூ அரை உயர அகலம்தான், பெருக்க வேண்டியதில்லை. டபிள்யூ என்ற ஒரே பெயரைப் பார்த்து இரண்டையும் ஷெரரில் போட்டவர்கள் எத்தனை பேரோ!

சைபையின் ‘பீக்_விட்த்ஸ்’ 15.2 என்று சொன்னால் அது டிகிரி இல்லை, புள்ளிகளின் எண்ணிக்கை. இடைவெளி 0.02-ஆல் பெருக்கினால் 0.304 டிகிரி. அதோடு, பாதி உயரம் என்று அது எடுத்துக்கொள்வது பிராமினன்ஸில் பாதி. பக்கத்தில் இன்னொரு பீக் ஒட்டிக்கொண்டிருந்தால் பள்ளம் மேலேயே நின்றுவிடும், அகலமும் குறைவாக வரும்.

ஷெரரில் அகலத்தை ரேடியனில் போட வேண்டும், கோணத்தில் பாதியை எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் வாரம் ஒருவர் தவறுகிறார், அதனால் சொல்லிவிடுகிறேன்.

“பொருத்தம் அருமையாக இருக்கிறது, ஆனால் இதழின் நடுவர் நம்பவில்லை”

பொருத்தம் எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.999 என்று வந்தால் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். ஸ்மூத் செய்த தரவுக்குப் பொருத்தினால் அது எப்போதும் அப்படித்தான் வரும், ஏனென்றால் இரைச்சலை நாமே ஏற்கெனவே எடுத்துவிட்டோம். அதைவிட ஆழமான சிக்கல், பிழை வரம்பில் இருக்கிறது. பொருத்தும் நிரல் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிச் சாட்சி என்று எடுத்துக்கொள்கிறது. 15 புள்ளி ஸ்மூத்திங்குக்குப் பிறகு பக்கத்துப் புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்து எழுதிய விடைத்தாள்கள். சாட்சிகள் உண்மையில் குறைவு, நிரலோ அத்தனையையும் எண்ணிக்கொண்டு, மையத்துக்கும் அகலத்துக்கும் நம்ப முடியாத அளவுக்குச் சின்னப் பிழை வரம்பு தருகிறது. 28.4 ± 0.1 நானோமீட்டர் என்ற வகை எண்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

மூலத் தரவுக்கே பொருத்துங்கள். பொருத்துவதே ஒரு ஸ்மூத்திங்தான், இரைச்சலைச் சமாளிக்க அதற்குத் தெரியும். எண்ணிக்கைத் தரவென்றால் எடையை எண்ணிக்கையின் தலைகீழாகக் கொடுங்கள். பிறகு எச்சங்களை (தரவிலிருந்து பொருத்திய வளைவைக் கழித்தால் மிஞ்சுவதை) தனியாக வரைந்து பாருங்கள். பூஜ்யத்தைச் சுற்றி ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தால் சரி. பீக் இருக்கும் இடத்தில் எஸ் வடிவில் வளைந்தால் மையம் தவறு, அல்லது கே-ஆல்ஃபா-2 விட்டுப்போயிருக்கிறது. நடுவில் மேடும் இருபுறம் பள்ளமும், அதற்கும் வெளியே மறுபடி மேடும் வந்தால் காஸியன் போதவில்லை, காஸியனும் லொரென்சியனும் கலந்த சூடோ-வாய்ட் போட்டுப் பாருங்கள். ஒரே உயரமும் அகலமும் இருந்தாலும் லொரென்சியனின் பரப்பு காஸியனைவிட 48 சதவீதம் அதிகம். ஆகவே வடிவத் தேர்வு பரப்பையே மாற்றிவிடும்.

பொருத்தம் ஓடவே மாட்டேனென்று நின்றால் தொடக்க மதிப்புகளைக் கையால் கொடுங்கள், மையத்தைச் சற்று நேரம் கட்டிவையுங்கள், பேஸ்லைனைத் தனியாகப் பொருத்திக்கொண்டு பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுங்கள்.

கட்டுரையில் ஸ்மூத் செய்த கோட்டைத்தான் காட்ட வேண்டுமென்றால் படத்தின் கீழே முறை, ஜன்னல் புள்ளிகள், வளைவின் படி, ஸ்கேன் இடைவெளி நான்கையும் எழுதுங்கள். “கோடு: சாவிட்ஸ்கி-கோலே, 11 புள்ளி, இரண்டாம் படி, இடைவெளி 0.02 டிகிரி, அளவுகள் மூலத் தரவிலிருந்து” என்ற ஒரு வரி போதும். மூலக் கோப்பை இணைப்பாகக் கொடுத்துவிட்டால், சந்தேகம் உள்ளவர் தானே அளந்து பார்த்துக்கொள்வார்.